நடுவில் போட்ட நாற்காலி

மூன்று வருஷம் முன்பு, ஒரு ஆடி மாதம். கோவை கணபதி பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் லோடு ஏற்றும் வேலையில் இருந்தேன்.

மலேசியாவில் ஒரு தொண்டு நிறுவனம், சூடானில் ஒரு கிராமத்துக்குக் கிணற்று பம்ப் வாங்கித் தருவதாக ஏற்பாடு. நிறுவனத்து அம்மா ஒருவரும் அந்தக் கிராமத்துப் பெரியவர் ஒருவரும் நேரில் பார்க்க வந்திருந்தார்கள். அம்மா பேசுவது மலாய், பெரியவர் பேசுவது அரபி. இடையில் பேச வரவேண்டியவர் சென்னையில் காய்ச்சலில் படுத்துவிட்டார். முதலாளி எங்கெங்கோ போன் போட்டார். அரபி தெரிந்தவர் கிடைத்தார். அவருக்கு மலாய் தெரியாது. கடைசியில் யாரோ என்னைக் காட்டினார்கள்.

“ஏனுங்க, உங்களுக்கு ரெண்டும் வருமாமா?”

“வருமுங்க. மலேசியாவுல ஆறு வருசம் ஓட்டல் வேலை. சவுதில ஒம்போது வருசம் தண்ணி லாரி.”

“இத்தன நாளாச் சொல்லவே இல்லீங்களே!”

“ஆரும் கேக்கலீங்க.”

இரண்டு பேருக்கும் நடுவில் எனக்கு நாற்காலி போட்டார்கள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் பேசினார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை.

பேச்சு முடியும்போது பெரியவர் கேட்டார். மேற்கே இன்னொரு குடியிருப்பு இருக்கிறது, மகளைக் கட்டிக்கொடுத்த இடம், அங்கே பெண்கள் தண்ணீருக்கு அரை நாள் நடக்கிறார்கள், அங்கேயும் ஒரு பம்ப் கிடைக்குமா என்று. அந்தம்மா, வழியில்லை, ஒன்றுதான் என்று தெளிவாகச் சொன்னார்.

எங்கள் பக்கம் கேட்டு வந்தவர் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லமாட்டோம். பாத்துச் செய்யலாமுங்க என்போம். அவரும் புரிந்துகொண்டு போய்விடுவார். அந்தப் பழக்கத்தில், பாத்துச் செய்யலாம் என்றே அரபியில் சொல்லிவிட்டேன்.

பெரியவர் அங்கேயே மகளுக்குப் போன் போட்டார். உங்களுக்கும் பம்ப் வருகிறது என்றார். அந்தப் பக்கம் பெண்கள் குலவை போட்டார்கள். முதலாளி சிரித்தார், அந்தம்மாவும் சிரித்தார். என்ன நடந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பாலைவனத்தில் லாரியோடு தனியாகக் கிடந்திருக்கிறேன். அப்போதுகூட அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

பெரியவர் கையைத் தொட்டேன். அந்தம்மா இல்லை என்றுதான் சொன்னார், மாற்றிச் சொன்னது நான் என்றேன். அந்தம்மாவிடமும் சொன்னேன்.

பெரியவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. மறுபடி போன் போட்டார். இந்த முறை அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“என்னங்க, எல்லாரும் இப்படி உக்காந்துட்டாங்க?” என்றார் முதலாளி.

“தப்பு எம்மேலதானுங்க.”

போகும்போது பெரியவர் எல்லோருக்கும் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

இப்போதெல்லாம் இல்லை என்றால் இல்லை என்றே சொல்கிறேன். மரியாதை தெரியாதவன் என்கிறார்கள். பார்த்தே இராத ஒரு பெண்ணுக்கு ஐந்து நிமிஷம் தண்ணீரைக் கொடுத்துப் பிடுங்கிக்கொண்டதற்கு, இந்தப் பெயர் பரவாயில்லை.