வாசிக்க நானும் பயன் சொல்ல ஐயாவும்

எங்கள் ஐயாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே மகள் எழுதிக்கொள்வது. யுத்தத்தினால் கடதாசிக்குத் தட்டுப்பாடு; சுருக்கமாக எழுதும்படி அச்சகத்தார் சொல்லிவிட்டார்கள். நீளமாக எழுத எனக்கும் இப்போது தெம்பில்லை.

ஐயா பிறந்தது சண்டிலிப்பாயில், புகையிலைத் தோட்டம் செய்த குடும்பத்தில். இளமையிலேயே தந்தையாரை இழந்தார். விடியற்காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு, வட்டுக்கோட்டைக்கு நடந்து போய் ஒரு புலவரிடம் இலக்கணமும் புராணமும் கற்றார். புகையிலை மணக்கிறது என்று உடன் படித்தவர்கள் தள்ளி இருப்பார்களாம். "தள்ளி இருந்தபடியாலை எனக்குக் காத்து நல்லா வந்தது" என்பார் ஐயா.

பின்னர் சைவப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் சட்டம்பியாரானார். பிள்ளைகளை அடித்ததில்லை. யாராவது ஒரு பாட்டைப் பிழையாகச் சொன்னால் அவர் முகம் போகும் போக்கே போதும். வெளியூரிலிருந்தும் பண்டிதர்கள் சந்தேகம் கேட்க வீட்டுக்கு வருவார்கள். அம்மாவுக்கு அடுப்படியிலிருந்து எழும்ப நேரமிருக்காது.

ஆனால் ஊரெல்லாம் ஐயாவை அறிந்தது கோயில் புராணப் படிப்பினால்தான். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசித்து நிறுத்த, மற்றவர் அதன் பொருளை விரித்துப் பயன் சொல்ல வேண்டும். கந்தையா மாமா வாசிப்பார், ஐயா பயன் சொல்வார். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்த பெண்களும் எழும்பிப் போக மனமில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எத்தனையோ வீடுகளில் சோறு கரிந்திருக்கிறது.

பிறகு ஐயாவின் கண்களில் வெள்ளை விழுந்து பார்வை மங்கியது. புராணத்துக்கு அவர் எழுதிக்கொண்டிருந்த உரை நின்றுவிடக் கூடாதென்று நான் வாசித்துக் காட்டினேன்; அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். யுத்தத்துக்கு முன்பு கந்தையா மாமா மலாயாவிலிருந்த மகனிடம் போய்விட்டார். அடுத்த படிப்புக்கு என்னை வாசிக்க விடும்படி ஐயா கோயில் மனேச்சரிடம் கேட்டார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"பொம்பிளைப் பிள்ளை சபையிலை இருந்து வாசிக்கிறதோ, சட்டம்பியார்? சனம் என்ன கதைக்கும்?"

"சனம் கேக்கத்தானே வருகுது. கேட்டுப்போட்டுக் கதைக்கட்டும்."

"வேறை ஆளைப் பிடிச்சுத் தாறன். நீங்கள் பயனைச் சொல்லுங்கோ."

"என்ரை பிள்ளை வாசிக்கக் கூடாத சபையிலை எனக்கென்ன வேலை?" என்று ஐயா சால்வையை உதறித் தோளில் போட்டார். நான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். அதற்குப் பிறகு அவர் அங்கே பயன் சொன்னதில்லை.

சொல்லாமல் இருந்தது அவரைத் தின்றது. ஒவ்வொரு வருடமும் படிப்புத் தொடங்கும் நாளில் குளித்துத் திருநீறு பூசி, மனேச்சர் வருவாரென்று காத்திருப்பார். வாசல் படலை அசைந்தால், "ஆர் பிள்ளை?" என்பார். பெரும்பாலும் ஆட்டுக்குட்டியாக இருக்கும்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஆர் வாசிச்சால் என்ன ஐயா? போய்ச் சொல்லுங்கோவன்" என்றேன்.

"உனக்கு வாசிக்கப் பயமோ?"

"இல்லை."

"அப்ப ஏன் என்னைப் போகச் சொல்லுறாய்?"

அதனால் வீட்டிலேயே வாசித்தேன். ஐயா பயன் சொன்னார். சபை என்றால் அம்மா ஒருவர்தான். முருங்கையிலை உருவிக்கொண்டே, "எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஆனாலும் நிப்பாட்டாதேங்கோ" என்பார்.

இந்த மாரியில் ஐயாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு காலையில் கோப்பி கேட்டார். அம்மா கொண்டு வருவதற்குள் சிவபதம் அடைந்துவிட்டார். அந்தக் கோப்பியை என்ன செய்தோம் என்று எனக்கு நினைவில்லை. பாடை போனபோது பெண்கள் வழக்கப்படி வாசலோடு நின்றோம். எல்லாரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை, இன்னும் வரவில்லை. யாரும் குறை நினைக்க வேண்டாம்.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று மாலை துக்க வீட்டில் புராணம் படிக்கச் சபை கூடியது. மழையினால் வாசிப்பவர் வரவில்லை. மனேச்சர் என்னைப் பார்த்து, "நீ வாசி பிள்ளை. வீடுதானே" என்றார். முதற் செய்யுளை வாசித்து நிறுத்தினேன். நான் காத்திருந்தேன். "மேலை வாசி பிள்ளை" என்று அம்மா சொன்ன பிறகுதான், பயன் வராது என்பது எனக்கு உறைத்தது. மிச்சத்தை வாசித்து முடித்தேன்.

மகன் இல்லாத குறை தெரியாமல் கிரியைகள் செய்த பெரியப்பாவின் மகன் அண்ணைக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டு வந்த அயலவருக்கும், பாடை சுமந்த மாணவர்களுக்கும் அம்மாவும் நானும் கைகூப்புகிறோம். மனேச்சருக்கும் நன்றி. அன்று படிப்பு முடிந்து எழும்பும்போது அவர், "வாற முறை கோயிலிலை நீயே வாசி பிள்ளை. சனத்தை நான் பாக்கிறன்" என்றார். மனம் வைத்துத்தான் சொன்னார்.

"ஓம். பயன் ஆர் சொல்லுறது?" என்று கேட்டேன்.

துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் போவது எங்கள் வழக்கம். அவர் அப்படியே எழும்பிப் போனார்.