இன்னைக்கு எத்தனை?

தலைமை அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறையில் அவர் தனி ஆள். ஜன்னல் கிடையாது, ஏசி மட்டும் உண்டு. கோடையிலும் ஸ்வெட்டரைக் கழற்றாததால் 'ஸ்வெட்டர்காரர்' என்று பெயர் நிலைத்துவிட்டது. வயது ஐம்பத்து நாலு, கல்யாணம் ஆகவில்லை. வீட்டுக்குப் போனால் பூட்டுதான் வரவேற்கும்.

அறை மூலையில் ஒரு பழைய சர்வர். நிறுத்தாமல் எத்தனை நாள் ஓடுகிறது என்பதை அதுவே திரையில் காட்டும். ஒருநாள் கிளை அலுவலகத்துக் கிளார்க் அம்மாள் போன் செய்து, "சர்வர் ஓடுதா சார்?" என்று கேட்டார்.

"நாப்பது நாளா நிக்காம ஓடுது மேடம்."

மறுநாள் காலை ஒன்பதுக்கு மறுபடி போன். "இன்னைக்கு நாப்பத்தொண்ணா?"

அதுவே வழக்கமாகிவிட்டது. எண்ணைச் சொன்னதும் மழை, முட்டிவலி என்று இரண்டு நிமிஷப் பேச்சு. முகம் பார்த்ததே இல்லை. அந்தப் போனுக்காக மனுஷர் எட்டரைக்கே வந்து தவம் கிடப்பார். அப்டேட் போட ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி மேலிடம் எழுதும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பார். எண் பூஜ்யமாகிவிட்டால் அந்தம்மாள் எதைக் கேட்கப் போன் செய்வார்?

சாக்கெல்லாம் தீர்ந்து, கடைசியில் மேனேஜரே நாள் குறித்துவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை காலை, "ஆயிரத்து எழுநூத்திப் பதினொண்ணு. சாயங்காலம் நிறுத்துறோம் மேடம்" என்றார்.

"அப்படியா" என்று மட்டும் சொல்லி அந்தம்மாள் வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை ஒன்பது மணி தாண்டியது. போன் வாய் திறக்கவில்லை. ஒன்பதரைக்கு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, இவரே கிளைக்குப் போன் போட்டார். எடுத்தது ஒரு இளவட்டம்.

"அந்த அக்காவா? அவங்க ரிட்டயர் ஆகி எட்டு மாசம் ஆச்சே சார்."

அப்படியானால் எட்டு மாதமாக வீட்டிலிருந்துதான் கேட்டிருக்கிறார். இவருடையது நம்பர் காட்டாத பழைய ஆபீஸ் போன். வீட்டு நம்பர் தெரியாது. கேட்டு வைக்கத் தோன்றாத தன் புத்தியைத் தானே திட்டிக்கொண்டார்.

ஒன்பதே முக்காலுக்குப் போன் அடித்தது.

"சார்... இன்னைக்கு எத்தனை?"

"ரெண்டு மேடம். இன்னைக்கு லேட்டாயிடுச்சே?"

"ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை சார்."

காலி மேஜையைப் பார்த்தபடி, "இங்கேயும் அப்படித்தான்" என்றார் இவர். பிறகு, "நாளைக்கு மூணு ஆயிடும் மேடம். ஒன்பதுக்கே கேளுங்க" என்றார்.