மூன்றில் இரண்டு பங்கு

என் ஆராய்ச்சியைச் சந்தேகப்பட்டவர் என் அப்பா ஒருவர்தான். சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறவர். தறிக்கடியில் ஒரு கைப்பிடி நூல் வேஸ்ட் கிடந்தாலே அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர் ஒருநாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிறேன் என்று கோவையில் என் லேபுக்குள் வந்து நின்றதுதான் வம்பாகிவிட்டது.

யிட்ரியம் ட்ரைஃப்ளோரோஅசிட்டேட் என்ற வெள்ளை உப்பைச் சூடாக்கிச் சிதைப்பது என் வேலை. பெயர்தான் ரயில் நீளம். எடை போட்டு உலையில் வைத்து, முந்நூறு டிகிரிக்கு மேல் ஏற்றி, ஆறியதும் மறுபடி எடை போட வேண்டும். அப்பா இரண்டு எடையையும் பார்த்தார். மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம்.

"மீதியை யாரு எடுத்தாங்க கண்ணு?" என்றார், பக்கத்து மேஜைத் தோழியை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே.

"யாரும் எடுக்கலீங்கப்பா. புகையாப் போயிருது."

"மூடி போட்டுக் காச்ச வேண்டீதுதான?"

மூடினால் வெடிக்கும் என்றேன். அவர் நம்பவில்லை. அன்றிலிருந்து பேக்கரியில் டீ குடிக்கும்போதெல்லாம், "எம்புள்ள காலேஜ்ல பொடி வறுக்கறா. போட்டதுல பாதிக்கு மேல வேஸ்ட்டுங்க" என்று சொல்லித் திரிந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ராப்பகலாக உழைத்தது இவர் கண்ணுக்கு வேஸ்ட்டா?

முனைவர் பட்டத்துக்கான வைவா அன்று வேன் பிடித்துச் சொந்தபந்தம் மொத்தமும் வந்திறங்கியது. வெளியூர்ப் பேராசிரியர் கேட்ட எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொல்லிவிட்டேன். "சபையிலிருந்து யாராவது கேட்கலாம்" என்றார் என் கைடு. இது வெறும் சம்பிரதாயம். சுலபமான கேள்வி ஒன்றைத் தோழிக்கு முந்தின நாளே சொல்லிக்கொடுத்திருந்தேன். அவள் எழுவதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

"ஏனுங்க சார், போட்டதுல மூணுல ரெண்டு பங்கு காணோமுங்க. அது எங்க போச்சுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறீங்களே?"

கைடுக்கு வியர்த்துவிட்டது. வெளியூர்ப் பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல கேள்வி. சொல்லுங்கம்மா."

பெற்ற அப்பாவே காலை வாரிவிட்டாரே என்று நொந்துகொண்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அப்பா உட்காரவில்லை.

"எனக்கு வெளங்கோணும் அம்மணி."

ஆங்கிலத்தை விட்டேன். "அப்பா, நீங்க தறிக் கணக்குப் பாக்கறீங்க. இது ஜின்னிங் மில் கணக்குங்க. பருத்தி போட்டா பஞ்சு எத்தனை வருது?"

"மூணுல ஒரு பங்கு. மீதி கொட்டை."

"அதேதானுங்க. சூடு ஏறுனா உப்பு உடையும். யிட்ரியம் தனக்கு வேண்டிய ஃப்ளோரினை மட்டும் புடிச்சுக்கும். அதுதான் எனக்குப் பஞ்சு. கரியும் ஆக்சிஜனும் மிச்ச ஃப்ளோரினும் வாயுவாப் போயிரும். அதெல்லாம் கொட்டைங்க."

அப்பா மனசுக்குள் கணக்குப் போட்டார். பேராசிரியர் உட்பட அரங்கமே அவர் வாயைப் பார்த்துக் காத்திருந்தது.

"கொட்டை மாட்டுக்காச்சும் ஆவும்" என்று முணுமுணுத்தார். பிறகு பின்வரிசைச் சொந்தங்கள் பக்கம் திரும்பி, பேக்கரியில் பேசும் அதே குரலில், "வேஸ்ட் இல்லீங்க. எம்புள்ள பஞ்சுதான் எடுத்திருக்கறா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நான் தேறியதாகப் பேராசிரியர் அறிவித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பட்டம் கிடைத்த சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.