நானூத்தி அறுபத்தொண்ணுக்கு ஒரு ஓட்டு

அங்கம்மா அக்கா எங்க வீட்டுக்கு எலுமிச்சம்பழம் கேட்டு வருவாங்க. அவங்க வீட்டுப் பின்னாடியே ரெண்டு மரம் நிக்குது, பழம் விழுந்து அழுகிக் கிடக்கும். முதல் தடவை நான் கேட்டே விட்டேன்.

"ஏன்க்கா, உங்க மரத்துல என்ன, பாம்பு இருக்கா?"

"இல்ல சரோஜ், அதுல புளிப்பு பத்தாது."

எலுமிச்சம்பழத்துல புளிப்பு பத்தாதாம். அப்புறம் நான் கேக்கறதை விட்டுட்டேன். ஒரு பழத்தைப் பறிச்சுக் குடுத்து, டீயும் போட்டுக் குடுப்பேன். டீயைக் குடிச்சிட்டு பழத்தை மறந்து வெச்சிட்டுப் போயிடுவாங்க.

எங்க தீவுல ராக்கிராக்கி டவுன்லருந்து, ஆளேத்தற கேரியர் வண்டியில இருபது நிமிஷம் மேல ஏறினா எங்க செட்டில்மென்ட். நாப்பது வீடு இருந்த இடம், இப்ப இருபத்தாறு. மத்தவங்கல்லாம் ஆக்லாந்து, பிரிஸ்பேன். அக்காவோட மகன் ஆக்லாந்துல, மக பிரிஸ்பேன்ல. ஞாயித்துக்கிழமை போன் வரும். "சாப்பிட்டியாம்மா, மருந்து சாப்பிட்டியாம்மா"ன்னு கேட்டு பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். போன் வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே அக்கா தலை சீவி உட்கார்ந்திருப்பாங்க.

வீட்டுக்காரர் லிங்கம் மாமா சக்கரை மில்லுல முப்பத்தோரு வருஷம் கொதிகலன் பக்கம் வேலை பார்த்தவரு. பெரிய புயலுக்கு அப்புறம் மில்லை மூடிட்டாங்க. மூடின பிறகும் மனுஷன் விடியக்காலம் அஞ்சு மணிக்கு எழுந்து சட்டை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. அவரு போய் நாலு வருஷம் ஆச்சு. அக்காவுக்கு இன்னும் ஒரு ஆளுக்கு மாவு பிசையத் தெரியாது. தினமும் ரொட்டி மீந்து, இந்தத் தெரு நாய்ங்கல்லாம் அவங்க வீட்டு வாசல்லதான் கிடக்கும். "நாய்க்கு நெய் தடவி வேற போடறீங்களா?"ன்னு நான் திட்டுவேன். சிரிப்பாங்க.

வாரத்துல அவங்களுக்குன்னு இருந்தது ஒரே ஒரு நாள், செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ரத்னம் மாஸ்டர் வீட்டுக் கொட்டகையில ராமாயணம் படிப்போம். மாஸ்டர் எங்க எல்லாருக்கும் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தினவரு. அவரு ஹார்மோனியம், இன்னொருத்தர் டோலக்கு, முப்பது பேரு பாய் மேல. அக்காவுக்கு ஒரு வரி தெரியாது, கண்ணை மூடிக்கிட்டு தப்புத் தப்பா கூடவே பாடுவாங்க. சனிக்கிழமையே புடவையைத் தேய்ச்சு மாட்டி வெச்சிடுவாங்க, செவ்வாய்க்கிழமைக்கு.

இப்படி இருக்கும்போதுதான் இந்தப் பாழாப்போன எலெக்‌ஷன் வந்துது.

எங்க ஓட்டுச்சீட்டுல பேரு கிடையாது, படம் கிடையாது, சின்னம் கிடையாது. வெறும் நம்பர். கோழித்தீவனத்தைக் கொட்டின மாதிரி ஒரு பெரிய தாள் முழுக்க, நூத்திச் சொச்சத்துல ஆரம்பிச்சு முன்னூத்துக்கு மேல நம்பர் இருக்கும். நம்ம ஆளோட நம்பரை மனசுல வெச்சுக்கிட்டுப் போய் அதைச் சுத்தி ஒரு வட்டம் போடணும். துண்டுச்சீட்டு கொண்டுபோகக் கூடாது. அதனால ஒரு மாசமா கியான் சாமி வீடு வீடா வந்து எல்லாரையும் அவனோட ஆளுங்கட்சி நம்பரை ஒப்பிக்க வெச்சான். கேரியர் வண்டி அவனோடது, வாயும் அவனோடது. "அக்கா, நம்பர் சொல்லுங்க பார்ப்போம்"னான். அங்கம்மா அக்கா சரியா சொன்னாங்க, நான் பக்கத்துலதான் இருந்தேன்.

புதன்கிழமை பள்ளிக்கூடத்துல ஓட்டு. விரல்ல மை. கியான் சாமியே மூணு நடை வண்டி ஓட்டினான்.

ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா யாருக்கும் பாதி சீட்டு வரலை. ஆளுங்கட்சிக்கும் பத்தலை, எதிர்க்கட்சிக்கும் பத்தலை. நடுவுல ஒரு சின்ன கட்சி, நாலு சீட்டு. நூத்துக்கு அஞ்சு ஓட்டு எடுக்காத கட்சிக்கு இங்க ஒரு சீட்டும் கிடையாது. அந்தச் சின்ன கட்சி மயிரிழையில அஞ்சைத் தாண்டிடுச்சு. இப்ப அவங்க எந்தப் பக்கம் போறாங்களோ அந்தப் பக்கம்தான் அரசாங்கம். சுவாவுல ஒரு ஹோட்டல்ல கதவைச் சாத்திக்கிட்டுப் பேசறாங்கன்னு ரேடியோ மணிக்கு ஒரு தடவை சொல்லுது. நாடே வேலையை விட்டுட்டு அந்தக் கதவைப் பார்த்துக்கிட்டு நின்னுது.

எங்க ஆம்பிளைங்களுக்குக் கேக்கணுமா? கியான் சாமி கொட்டகையில மத்தியானத்துலருந்தே போதைக்குக் குடிக்கிற யங்கோனா வேரைக் கரைக்க ஆரம்பிச்சாச்சு.

"ரெண்டு மாப்பிள்ளை வீடும் சீர்த்தட்டோட வாசல்ல நிக்குது. பொண்ணு உள்ளே சாவகாசமா தலை பின்னிக்கிட்டு இருக்கு"ன்னாரு எங்க வீட்டுக்காரரு விஜென்.

"பொண்ணு இல்லடா, பொண்ணோட சித்தப்பனுங்க. அவனுங்களுக்குள்ளயே ஒத்துமை இல்லையாம், ஓட்டெடுப்பு நடத்தறானுங்களாம்"னான் இன்னொருத்தன்.

"எவன் வந்தா என்ன, மாவு விலை குறையப் போகுதா? எழுந்து போய் ஆட்டைக் கட்டுங்க"ன்னு நான் கத்தினேன். ஒருத்தனும் அசையலை.

அப்பதான் பள்ளிக்கூடத்துச் சுவத்துல பூத்து கணக்கை ஒட்டினாங்க. எங்க ஊர்ல ஒவ்வொரு பூத்துக்கும் தனியா எண்ணி, எந்த நம்பருக்கு எத்தனைன்னு எழுதி ஒட்டிடுவாங்க. நூத்தி எட்டு ஓட்டுல எழுபத்திநாலு ஆளுங்கட்சிக்கு, முப்பத்திமூணு எதிர்க்கட்சிக்கு. நானூத்தி அறுபத்தொண்ணாம் நம்பருக்கு ஒண்ணு. அந்த நம்பர் சின்ன கட்சி ஆளு. அந்தக் கட்சிக்காரங்க ஒருத்தர்கூட எங்க ரோட்டுப் பக்கம் வந்ததே கிடையாது.

கியான் சாமிக்கு ரத்தம் தலைக்கேறிடுச்சு. "எதிர்க்கட்சிக்குப் போட்டவன் மூஞ்சியில அடிச்சான், அதை விடு. இவன் யாரு? இந்த ஒரு ஓட்டு, இதே மாதிரி ஊருக்கு ஒண்ணு, இதாலதான் அவனுங்க அஞ்சைத் தாண்டி நம்ம தலையில உட்கார்ந்திருக்கானுங்க!"

வீடு வீடா அலசினாங்க. இருபத்தாறு வீட்டையும். சின்னப் பையனா இவன், பொண்டாட்டி பேச்சு கேக்கறவனா அவன்னு. என் பேரும் வந்துது, "சரோஜுக்கு இருக்கற வாய்க்கு எதையும் செய்வா"ன்னு. கடைசியா ரத்னம் மாஸ்டர் மேல வந்து நின்னுது. ஏன்னா அவரோட மக கட்டியிருக்கறது ஒரு காய்வீத்தி பையன், இந்த மண்ணோட பூர்வகுடி, செமின்னு பேரு, தங்கமான பையன். சின்ன கட்சியும் அவங்க ஆளுங்க கட்சி. போதாதா?

"மருமகனுக்காகப் போட்டுட்டாரு மாஸ்டர்"னான் கியான் சாமி. முடிஞ்சுது.

யாரோ மாஸ்டர்கிட்டயே கேட்டாங்க. அவரு ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. "ஓட்டுன்னா ரகசியம். அதையும் நான்தானே உங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்"னாரு. அதுவே தப்பாப் போச்சு.

அந்தச் செவ்வாய்க்கிழமை ராமாயணத்துக்கு யாரும் போகலை. டோலக்கு வாசிக்கிறவன் கை வலின்னான். விஜென் "நீயும் போகாதே, எதுக்கு வம்பு"ன்னாரு. நானும் போகலை. பொய் சொல்ல மாட்டேன், துணி மடிச்சுக்கிட்டு வீட்டுலயே இருந்தேன். ஜன்னல் வழியா பார்த்தேன், அங்கம்மா அக்கா மட்டும் தேய்ச்ச புடவையோட போனாங்க.

மறுநாள் காலையில வந்தாங்க. எலுமிச்சம்பழம் கேக்கலை. மணைக்கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாங்க.

"மாஸ்டர் எனக்கு ஒருத்திக்கே முழுசும் படிச்சாரு சரோஜ். முப்பது பாய் விரிச்சு வெச்சிருந்தாரு. நான் ஒண்ணுல உட்கார்ந்தேன்."

"நீங்க ஏன்க்கா போனீங்க? உங்களையும் சேர்த்துப் பேசுவானுங்க."

"பேசட்டுமே. அது நான் போட்ட ஓட்டுதானே."

கையில இருந்த கரண்டியை வெச்சேன். "எது?"

"நானூத்தி அறுபத்தொண்ணு."

"அய்யோ அக்கா! கியான் சாமி நம்பரை என் முன்னாடி ஒப்பிச்சீங்களே. உள்ள போனதும் மறந்துடுச்சா?"

"மறக்கலை. அதைத்தான் தேடினேன். தேடும்போது இது கண்ணுல பட்டுது. மாமாவோட மில் நம்பர்." புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கிட்டே சொன்னாங்க. "மில் வாசல்ல மாட்டுவாங்களே நம்பர் போட்ட பித்தளை வில்லை, முப்பத்தோரு வருஷம் நான்தான் புளி போட்டுத் தேய்ப்பேன். நாலு வருஷமா யாரும் அந்த நம்பரைச் சொல்லி நான் கேக்கலை. அங்க அச்சடிச்சு வெச்சிருந்தாங்க. கை வட்டம் போட்டுடுச்சு. யாரோட நம்பருன்னு நான் பார்க்கவே இல்ல."

மனசு கலங்கினா எனக்குத் திட்டத்தான் வரும். "ஓட்டுச்சீட்டு என்ன கல்யாணப் பத்திரிகையா, புருஷன் பேரைத் தேடறதுக்கு? சரி, போனது போச்சு. வாயை மூடிக்கிட்டு இருங்க. ரெண்டு வாரத்துல இவனுங்க வேற சண்டைக்குப் போயிடுவானுங்க."

"ரெண்டு வாரம்னா ரெண்டு செவ்வாய்க்கிழமை."

"அக்கா!"

"மாஸ்டர் வயசு எழுபத்தாறு. கொட்டகையை மூடிடறேன்னாரு நேத்து. மக வீட்டுக்குப் போயிடலாமான்னு பார்க்கறாராம்." அப்புறம் கேட்டாங்க, "சரோஜ், வீடு வீடா அலசினாங்களாமே. என் பேரு வந்துதா?"

வரலை. இருபத்தாறு வீட்டுல இருபத்தஞ்சைத்தான் எண்ணியிருக்கானுங்க, எனக்கே அப்பதான் தெரிஞ்சுது.

"வரலைக்கா."

"ம்"னாங்க. டீயைத் தொடாம எழுந்து போயிட்டாங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரேடியோவுல வந்துடுச்சு. சின்ன கட்சியோட நிர்வாகிங்களுக்குள்ள ஓட்டெடுப்பு நடந்து, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல எதிர்க்கட்சிப் பக்கம் போயிட்டாங்க. கூட்டணி அரசாங்கம். டவுன்ல ஒரு பக்கம் ஹாரன் அடிக்கிறானுங்க. எங்க ரோட்டுல எழவு விழுந்த மாதிரி இருந்துது. கியான் சாமி கொட்டகையில இருபது பேரு யங்கோனா பாத்திரத்தைச் சுத்தி, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு. நான் விஜெனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போயிருந்தேன்.

இன்னும் வெளிச்சம் இருந்துது. அங்கம்மா அக்கா ரோட்டைத் தாண்டி வந்து கொட்டகைக் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. பொம்பளைங்க அங்க வர்ற வழக்கம் இல்லை, என்னை மாதிரி கூப்பிட வந்தாத்தான்.

"கியான், அந்த ஓட்டு மாஸ்டர் போட்டது இல்ல. நான் போட்டது."

சிரிச்சானுங்க பாருங்க. அதுவரைக்கும் எழவு வீட்டு மூஞ்சியோட இருந்தவனுங்க.

"அக்கா, உங்களுக்கு மாஸ்டர் மேல இவ்வளவு பாசமா?"

"அடுத்த தடவை அக்காவையே நிக்க வெப்போம்டா!"

கியான் சாமி மரியாதையாத்தான் சொன்னான். "அக்கா, நல்ல மனசு உங்களுக்கு. ஆனா இது உங்களுக்குப் புரியாத விஷயம். போங்க, இருட்டப் போகுது."

"நானூத்தி அறுபத்தொண்ணு"ன்னாங்க அக்கா.

"அதுதான் சுவத்துல ஒட்டியிருக்கே, கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும்."

அக்கா அப்படியே நின்னாங்க. என்னைப் பார்க்கலை. பார்த்திருந்தா நான் ஒருவேளை தலையைக் குனிஞ்சிருப்பேன். பார்க்காததுதான் என்னை என்னமோ பண்ணிடுச்சு.

"சிரிப்பை நிறுத்துங்கடா தடிமாடுங்களா. அவங்க போட்டதுதான். என்கிட்ட முந்தாநாளே சொல்லிட்டாங்க."

விஜென் என்னை முறைச்சாரு. கியான் சாமி கையில இருந்த கொட்டாங்கச்சியைப் பாத்திரத்துக்குள்ளயே போட்டான். இந்தத் தடவை யாரும் சிரிக்கலை.

"எதுக்கு அக்கா? என்ன குடுத்தாங்க உங்களுக்கு? வண்டியில ஏத்திக்கிட்டுப் போனேனே, அம்மா மாதிரி கையைப் பிடிச்சு இறக்கி விட்டேனே!"

மாமா விஷயத்தைச் சொல்லப் போறாங்கன்னு நினைச்சேன். சொல்லியிருந்தா ஒருத்தன் ரெண்டு பேரு கண்ணைத் துடைச்சிருப்பானுங்க, அதோட முடிஞ்சிருக்கும். அக்கா அதைச் சொல்லலை.

"என் ஓட்டு. எனக்குத் தோணுச்சு போட்டேன்"னாங்க. திரும்பி நடந்து போயிட்டாங்க.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாஸ்டர் கொட்டகை நிறைஞ்சுது. கியான் சாமி ஒரு மூட்டை டாரோக்கிழங்கோட வந்து மாஸ்டர் காலைத் தொட்டான். "விடுடா, நீ நாலாங்கிளாஸ்லயே இப்படித்தான்"னாரு மாஸ்டர். டோலக்குக்காரனுக்குக் கை வலி போயிடுச்சு. மாஸ்டர் எங்கயும் போகலை.

அக்காவும் வந்தாங்க, அதே தேய்ச்ச புடவை. யாரும் ஒரு வார்த்தை தப்பாப் பேசலை. பொம்பளைங்க பாயை நகர்த்தி இடம் விட்டாங்க. ஒரு ஆள் உட்கார எவ்வளவு இடம் வேணும்? நாலு ஆள் உட்கார்ற இடத்தை விட்டாங்க. அந்தச் சதுரத்துக்கு நடுவுல உட்கார்ந்துக்கிட்டு அக்கா கண்ணை மூடி, தப்புத் தப்பா பாடினாங்க. கேரியர் வண்டியும் அவங்க வாசல்ல நிக்கறது இல்லை இப்ப. டவுனுக்கு பஸ் ரோடு வரைக்கும் நடக்கறாங்க.

நான் போய் பக்கத்துல உட்கார்ந்தேன்னு சொல்ல ஆசைதான். அன்னைக்கு நான் பின்னாடி அல்வா கிண்டிக்கிட்டு இருந்தேன். அது என் முறை. பிரசாதம் குடுக்கும்போது அக்கா கையில ஒரு கை கூடவே வெச்சேன்.

"இவ்வளவு எதுக்கு சரோஜ், நான் ஒருத்திதானே"ன்னாங்க.

பாதியை எடுத்துத் திரும்ப என் தட்டுலயே போட்டுட்டுப் போனாங்க. அதுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமையும் வந்தாங்க.