ஃபிரிட்ஜ் விடுதலையான வழக்கு

எங்கள் ஊரில் இஸ்திரி போட்ட கையோடு ஃபிரிட்ஜைத் திறந்தால் காற்று அடித்து முகம் கோணிவிடும். கைக்குழந்தைக்கும் தெரிந்த சட்டம் இது. இதை மதிக்காத ஒரே ஆள் சுகாதார நிலையத்தின் உதவி நர்ஸ் காசில்தா. யார் வந்தாலும், கால் சுளுக்கென்றாலும், இருபத்தாறு வருடமாக அவர் கேட்பது ஒன்றுதான்: "என்ன மாத்திர முழுங்குற? எடுத்துக் காட்டு." இதனாலேயே அவரை யாரும் விருந்துக்கு அழைப்பதில்லை.

ஒரு வியாழன் மதியம் இஸ்திரிக்காரி மில்கேயாவைத் தூக்கி வந்தார்கள். கழுத்து பின்னால் வளைந்து, கண்கள் கூரையில் நிலைகுத்தி, தாடை பூட்டிக் கிடந்தது. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. உடம்பெல்லாம் வீட்டில் தேய்த்துவிட்ட, சலூன்காரர் பூசும் தைலம்.

"சூட்டோட ஃபிரிட்ஜத் தொறந்தா! சொன்னாக் கேட்டாத்தானே?" என்றாள் அவளுடைய அத்தை நியேவெஸ். தெருவே தலையாட்டித் தீர்ப்பை உறுதி செய்தது.

"டெட்டனஸா இருக்குமோ? தலைநகர் சாந்தோ தொமிங்கோ ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்" என்றார் புது டாக்டர். இரண்டு மணி நேரப் பயணம். அவளுக்கோ மூச்சு விசில் அடிக்கத் தொடங்கியிருந்தது.

"ஏண்டி நியேவெஸ், இவ புதுசா என்ன மாத்திர முழுங்குறா?" என்றார் காசில்தா.

"ஒண்ணுமில்லக்கா."

"பையக் கொட்டு."

பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை விழுந்தது. அத்தையின் குரல் இறங்கியது. "காதுல ஏதோ குரல் கேக்குதுன்னா. அதுக்குத்தான். மூணு நாளாச்சு. இத ஊருக்கே சொல்லணுமா?"

ஃபிரிட்ஜ் மேல் பழி போட்டால் மானம் போகாது. அதனால்தான் அது எங்கள் ஊரின் நிரந்தரக் குற்றவாளி.

காசில்தா அட்டையைப் படித்தார். "டாக்டரே, இது ஹாலோபெரிடால். குரல் கேக்குறதுக்குத் தர்ற மாத்திர, சிலருக்கு இப்படி இழுத்துடும். இந்த மாதிரி நாலு பேரப் பாத்திருக்கேன். இதுக்கு மாத்து பைபெரிடென் ஊசி, அலமாரில இருக்கு."

டாக்டர் காய்ச்சல் பார்த்தார், இல்லை. "சரி, ஆக்சிஜன் வைங்க, ஊசியப் போடுங்க!"

விசில் நின்றது. கால் மணி நேரத்தில் கண்கள் கூரையிலிருந்து இறங்கின, கழுத்து நிமிர்ந்தது, பூட்டு திறந்தது. வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம்: "அத்தே, மொதல்ல என்னக் குளிப்பாட்டு. சலூன் மாதிரி மணக்குறேன்."

மறுபடி இழுக்காமலிருக்க மூன்று நாளைக்கு மாத்திரை தந்தார்கள். அன்றே மனநல டாக்டருக்குப் போன் போட்டு மருந்தை மாற்ற வைத்தார் காசில்தா. "நீயா நிறுத்தினே, வீட்டுக்கே வந்து திட்டுவேன்."

அடுத்த வாரம் மில்கேயா ஏழு சட்டைகளை இஸ்திரி போட்டு முடித்து, தெரு பார்க்க ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்தாள். நியேவெஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். முகம் கோணவில்லை.

அந்த ஞாயிறு காசில்தாவுக்கு அவர்கள் வீட்டில் ஆட்டுக்கறி விருந்து. முதல் கவளத்துக்கு முன் அவர் நியேவெஸைப் பார்த்தார்.

"நீ என்ன மாத்திர முழுங்குற?"