பட்டனுக்குப் பயந்து சுற்றிய பிக்கப்

எலெக்ட்ரிக் கிட்டாரின் தந்திகளுக்கு அடியில் சோப்புக் கட்டியை விடச் சின்னதாக ஒரு பெட்டி இருக்கும். உள்ளே காந்தம், காந்தத்தைச் சுற்றித் தலைமயிரை விட மெல்லிய செப்புக் கம்பி. அதற்குப் பெயர் பிக்கப். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி, சத்தத்தைப் பெருக்கும் அம்ப்புக்கு அனுப்புவது அதன் வேலை. அது செத்துப்போனால் கிட்டார் வெறும் பலகை. பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவனின் நிலைமையை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

என்னுடையது ஒத்திகையில், பாட்டு நடுவில் செத்தது. எங்கள் கலியாண பாண்ட் அலவத்துகொடையில் ட்ரம்ஸ்காரரின் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில்தான் கூடும். அன்று நான் தனியாக வாசிக்கும் சோலோ வருகிற இடம். கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறேன், விரல் ஓடுகிறது, சத்தத்தைக் காணோம். ஆனால் சோலோ மட்டும் கேட்கிறது! கண்ணைத் திறந்தால், கீபோர்ட் வாசிக்கும் என் கூட்டாளி கிட்டார் சத்தம் தருகிற ஏதோ ஒரு பட்டனை அமுக்கிவிட்டு என் சோலோவை ஒரு கையால் வாசித்துக்கொண்டிருந்தான். மற்றக் கையில் பிளேன்டீ.

பாட்டு முடிந்ததும் ட்ரம்ஸ்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்டைக்கு ஒங்கட கிட்டார் மிச்சம் நல்லா ஈந்திச்சி மச்சான்."

அன்று பிடித்தது எனக்குப் பயம். அடுத்த மாதம் பேராதனையில் ஒரு பெரிய கலியாணம். ஒரு பட்டன் என் வேலையைப் பார்க்குமென்றால் அந்த மேடையில் எனக்கு என்ன வேலை? பந்திக்குத் தண்ணீர் ஊற்றவா?

கூட்டாளிக்கு நல்ல மனது. அடுத்த வாரமே ஒரு பிக்கப் வாங்கிக்கொண்டு வந்தான். ஃபெக்டரியில் செய்தது, பழைய கால மொடல். புத்தம் புதிய சாமானுக்கு வெற்றிலை போட்ட பல் மாதிரி ஒரு மஞ்சள் நிறத்தை வேண்டுமென்றே பூசியிருந்தார்கள். பிறக்கும்போதே பென்ஷன் வாங்கிக்கொண்டு பிறந்த மாதிரி ஒரு முகம் அதற்கு.

"இத மாட்டுடா. மாட்டாட்டி நான் பட்டன அமுக்கிருவேன்" என்று சிரித்தான். அவன்தான் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஃபெக்டரி சாமானா? கையால சுத்தினதுக்குத்தாண்டா உயிர் இருக்கு" என்றேன். முதல் நாள்தான் இணையத்தில் படித்திருந்தேன். "நானே ஒண்ணு சுத்துறேன். ரெண்டையும் வச்சுப் பாப்போம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? பட்டனால் செய்ய முடியாத ஒன்றை நான் செய்து காட்ட வேண்டும் என்று தோன்றியது, வேறொன்றுமில்லை. பயந்தவன் வாயில் வருவதெல்லாம் வீர வசனம்.

காந்தமும் கம்பியும் தபாலில் வந்தன. மனைவியின் தையல் மெஷினின் கைச்சில்லில் பிக்கப்பை ஒட்டி, அது சுழலச் சுழல விரலால் கம்பியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். கொஞ்சம் இழுத்தால் அறுந்துவிடும், கொஞ்சம் விட்டால் தொங்கிவிடும்.

"ஏங்க, எத்தன சுத்து சுத்தணும்?"

"ஏழாயிரத்துச் சொச்சம்."

"எண்ணிக்கிட்டா இருக்கீங்க?"

"நீ கேக்குற வரைக்கும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஃபெக்டரி மெஷின் கம்பியை வரிசை குலையாமல், பள்ளிக்கூடப் பிள்ளைகளை நிறுத்துவது போலச் சுற்றும். என்னுடையது பஸ்ஸுக்கு நிற்கிற சனம் மாதிரி, மேடும் பள்ளமுமாக இருந்தது. அந்தக் கோணல்தான் இனிமையே என்று இணையத்தில் சத்தியம் செய்திருந்தார்கள். என் கோணலுக்கு மரியாதை கிடைப்பது இதுதான் முதல் தடவை என்பதால் உடனே நம்பிவிட்டேன். சுற்றி முடித்ததும் உருகிய மெழுகில் முக்கி எடுத்தால்தான் கம்பி அசையாமல் இறுகும் என்றும் ஓரிடத்தில் எழுதியிருந்தார்களாம். அந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை.

சோதனைக்கு மேல்மாடியில் கூடினோம். நானும் கூட்டாளியும் ட்ரம்ஸ்காரரும் மட்டும். அவர்கள் இருவரும் சுவரைப் பார்த்துக் கதிரையில் உட்கார வேண்டும். எந்தப் பிக்கப் என்று சொல்லாமல் நான் வாசிப்பேன்.

முதலில் ஃபெக்டரி. ஒவ்வொரு சுரமும் கழுவித் துடைத்து அடுக்கிய கோப்பை மாதிரி வந்தது. சுவரைப் பார்த்தபடியே இருவரும் தலையாட்டினார்கள். எனக்கு வியர்த்துவிட்டது.

அடுத்தது என்னுடையது. பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபெக்டரிப் பிக்கப்பைக் கழற்றிவிட்டு என்னுடையதன் வயர்களை ஈயம் உருக்கி ஒட்டினேன். ஒட்டியது பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அம்ப்பின் வயரைக் கிட்டாரில் செருகி, ஸ்க்ரூ ட்ரைவரால் பிக்கப்பைத் தட்டினால் அம்ப்பில் சத்தம் கேட்க வேண்டும். வயரைக் கதவுக்கு அடியால் விட்டுச் செருகி, வொல்யூமை முழுக்கத் திருகித் தட்டினேன். வெளியே 'தொம்' என்றது. ஃபெக்டரிப் பிக்கப்பைத் தட்டியபோது 'டிக்' என்றுதான் கேட்டிருந்தது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். அவசரத்தில் இருக்கிறவனுக்கு யோசனை எங்கே வரும்? கிட்டாரை மடியில் வைத்து, மூக்கு பிக்கப்பில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து ஆணியை முறுக்கினேன். முறுக்கிக்கொண்டே கடவுளிடம் பேசினேன்.

"பிள்ளையாரப்பா, எப்படியாவது இதத்தான் நல்லதுன்னு சொல்ல வச்சிரு. எனக்கே ரெண்டுக்கும் என்னா வித்தியாசம் வரும்னு தெரியல, இவனுங்களுக்கு என்னா தெரியப் போவுது? அந்தப் படுபாவி பட்டன அமுக்கிட்டான்னா என் பொழப்பு போச்சு. டவுன் கோயில்ல தேங்கா ஒடைக்கிறேன். ஒண்ணு போதாதா? சரி, ரெண்டு."

வெளியிலிருந்து ட்ரம்ஸ்காரரின் குரல்.

"மச்சான், கொஞ்சம் பலமா செல்லுங்க. கடைசி வசனம் வெளங்கல்ல."

மெழுகில் முக்காத பிக்கப்பில் தளர்ந்த கம்பி ஒவ்வொன்றும் அசையும். அசைந்தால், தந்தியின் சத்தத்தை மட்டுமல்ல, பக்கத்தில் பேசுவதையும் எடுத்து அனுப்பும். கிட்டார் பிக்கப் என்று நினைத்து நான் ஒரு மைக்கைச் செய்து வைத்திருந்தேன். என் வேண்டுதல் முழுவதும் பழைய ரேடியோ மாதிரிக் கரகரத்தபடி அம்ப்பில் ஒலிபரப்பாகியிருந்தது.

கதவைத் திறந்தால் கூட்டாளி கதிரையிலிருந்து வழுக்கித் தரையில் கிடந்தான், சிரிப்பு நிற்கவில்லை. ட்ரம்ஸ்காரர் ஓடி வந்து பிக்கப்பில் வாயை வைத்து, ஊர்ப் பெயரைக் கூவி ஆள் ஏற்றும் பஸ் கண்டக்டர் மாதிரி "நுவர, நுவர, நுவர!" என்று கூவினார். அம்ப்பும் கூவியது.

ஒருவழியாக அடங்கியதும் வாசித்துக் காட்டினேன். அடித்தந்திகளில் ஒரு கரகரப்பு, மேல்தந்திகளில் ஒரு மினுக்கம். மோசமில்லை.

"அது பெக்கட் பிஸ்கட்" என்றார் ட்ரம்ஸ்காரர். "இது ஊட்டுல சுட்ட வடை. ஒண்டு மொறுமொறுன்னு ஈக்கிது, அடுத்தது உள்ளுக்குப் பச்ச மா. ஆனா வடை வடைதான்."

மேடைக்கு வேண்டிய அளவுக்குச் சத்தத்தைக் கூட்டினேன். பிக்கப் கிறீச்சென்று அலறியது. என்ன உடைந்தது என்று பார்க்கக் கீழே கடையிலிருந்து ஆள் ஏறி வந்தது.

"கலியாணத்துக்கு ஃபெக்டரிதான்" என்றான் கூட்டாளி.

"அப்ப பட்டன்?"

"பட்டனா? அன்னிக்கு ஒரு கையில சோலோ, ஒரு கையில டீ. அப்ப என் கோர்ட்ஸ யாருடா வாசிச்சது?"

பாட்டைத் தாங்கிச் சில சுரங்களைச் சேர்த்து அமுக்குவதுதான் கோர்ட்ஸ், அது அவன் வேலை. நான் யோசித்தேன். ட்ரம்ஸ்காரரும் யோசித்தார்.

"யாருமே வாசிக்கல. பாட்டு முடியிற வரைக்கும் கோர்ட்ஸே இல்ல. ஒனக்குந் தெரியல, இவருக்குந் தெரியல. அன்னியிலருந்து எனக்குத் தூக்கம் இல்ல, நீ என்னடான்னா பிள்ளையாருக்கு லஞ்சம் குடுக்குற!"

அன்று நான் சிரித்த சிரிப்பில் பாதி, இன்னொருவனுக்கும் அதே பயம் இருந்திருக்கிறது என்ற நிம்மதி.

பேராதனைக் கலியாணத்தில் ஃபெக்டரிப் பிக்கப்போடு மேடையேறினேன். சோலோ வந்தது, சத்தமும் வந்தது. அந்தப் பிக்கப்பின் ஒரே குறை, தப்பாக வாசித்ததையும் கழுவித் துடைத்துக் காட்டிவிடும். நான் சுற்றியதாக இருந்தால் பழியை அதன் மேல் போட்டிருக்கலாம். பக்கத்தில் கூட்டாளி ஒரு கோர்ட்டையும் யாரும் தவறவிட்டுவிடக் கூடாது என்று இரண்டு கையாலும் கீபோர்டைப் போட்டு இடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மேலே கேட்க வேண்டுமென்று நான் கூட்ட, எனக்கு மேலே கேட்க வேண்டுமென்று அவன் கூட்ட, பின்னாலிருந்து ட்ரம்ஸ்காரர் கத்தினார்:

"ரெண்டு பேரும் கொஞ்சம் கொறைங்கப்பா! பாட்டுப் படிக்கிற மனிசன்ட வாய் மட்டுந்தான் அசையிது!"