மேற்கோள் தொகுதியில் என் மனைவி

தொண்ணூறுகளின் நடுவில் நரம்பியல் பொறியியல் ஆய்விதழ்களில் என் பெயர் அடிக்கடி அச்சாகிக்கொண்டிருந்தது. நான் அப்போது சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான ஷ்லீரனில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். அகதியாகப் பதிந்த நாளில் அதிகாரி என் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதிவிட்டார். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்பதை அவருக்கு விளங்கப்படுத்த என்னிடம் ஜெர்மன் இல்லை. பிறகு நான் கல்யாணம் செய்தவள் சூரிச்சில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அதுவரை அவளுடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக இருந்தது அவள் அப்பாவின் பெயர். கல்யாணத்தோடு அது என் பெயராக மாறியது. சுவிஸ் சட்டமும் ஊர் வழக்கமும் ஒத்துப்போன அபூர்வமான இடம் அது. அவள் எழுதிய கட்டுரைகளும் என் பெயரில் வரத் தொடங்கின. அவளுடைய சொந்தப் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப் பக்கத்தில் நின்றது.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஜப்பானிலிருந்து ஒருவர் என் பெயருக்கு முன்னால் டொக்டர் போட்டு அவளுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தேன். வேலையிடத்தில் பொடியள் எல்லாரும் என்னை டொக்டர் என்றே கூப்பிட்டார்கள். நான் மறுக்கவும் இல்லை.

அவள் செய்தது நரம்பைச் சுற்றி மோதிரம் போல மாட்டும் ஒரு சின்ன உறை. நரம்பில் ஓடும் மெல்லிய மின்சாரத்தை அது ஒட்டுக்கேட்கும். கை கால் வழங்காதவர்களுக்கு என்றாவது உதவும் என்பாள். அவள் ஒரு வரி எழுதி முடிக்கும் நேரத்தில் நான் ஒரு கல்யாண வீட்டுக்கே சமைத்துவிடுவேன். ஆனால் எழுதிய வரியை யாராலும் அசைக்க முடியாது. அந்தப் பொறுமை எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.

அந்த நேரத்தில்தான் ஆய்வுகூடத்தில் ஒரு நிரந்தரப் பதவி வந்தது. அது கிடைக்காவிட்டால் இலையுதிர் காலத்தோடு அவளுடைய ஒப்பந்தம் முடியும், மோதிர உறை வேலையும் அதோடு முடியும். தேர்வுக் குழுவோ, அவளுடைய கட்டுரைகளை மற்றவர்கள் போதிய அளவு மேற்கோள் காட்டவில்லை என்று சொல்லிவிட்டது.

"விசர்க் கூட்டம்" என்று நான் கத்தினேன்.

"அவையிலை பிழையில்லை" என்றாள். "உங்கட பேரிலை மட்டும் தேடியிருக்கினம்."

என்னுடைய லீவு நாளில் இருவருமாக நூலகத்துக்குப் போனோம். யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்பதைப் பெயர் வரிசையில் அச்சடித்த தொகுதிகள் அங்கே இருந்தன. அரிசி மூட்டை தூக்கிப் பழகிய எனக்கே கை வலித்தது. எழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருந்தது. என் பெயரைக் கண்டுபிடித்தேன். கீழே பட்டியல் அரைச் சாண்கூட இல்லை.

"இவ்வளவுதானோ?" என்றேன்.

அவள் வேறொரு தொகுதியை விரித்தாள். அவளுடைய அப்பாவின் பெயருக்குக் கீழே பட்டியல் பக்கத்தின் அடிவரை ஓடி, அடுத்த பக்கத்துக்கும் தாவியது. கல்யாணத்துக்கு முன் அவள் எழுதிய முதல் கட்டுரையைத்தான் அத்தனை பேரும் சொல்லியிருந்தார்கள். அந்த வகை உறை செய்ய நினைத்த எவராலும் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

"மாமாவுக்குத்தான் மவுசு" என்றேன். அவள் சிரித்தாள். இப்படி ஒருத்தியோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரு ஜப்பான் கடிதத்தை வைத்து நான் டொக்டர் ஆகியிருந்தேன். ஒருநாளும் அவள் அதைக் கேலி செய்ததில்லை.

பக்கங்களைப் பிரதி எடுத்து, கல்யாணப் பதிவோடு சேர்த்துக் கொடுத்தாள். குழு மறுபடி கூடியது. பதவி கிடைத்தது. குழுத் தலைவர் ஒரு புத்திமதி மட்டும் சொன்னாராம்: இனிமேல் ஒரே பெயரில் எழுதுங்கள், அது எதுவானாலும் சரி.

அன்றைக்குச் சாப்பிடும்போது என் பெருந்தன்மையைக் காட்டினேன். "மாமான்ர பேரையே வையும். எல்லாம் அங்கைதானே கிடக்கு."

"அப்பா ஒருநாளும் ஆய்வுகூடத்துக்கு வரேல்லை" என்றாள். "நீங்களும் வரேல்லை. நான் என்ர பேரிலை எழுதப்போறன்."

"அப்ப திரும்பப் பூச்சியத்திலை இருந்தோ?"

"ஓம். இப்ப வேலை நிரந்தரம், இனி ஒருத்தரும் மேற்கோள் கணக்கைக் காட்டி என்னை வெளியிலை அனுப்பேலாது. இப்ப எழுதாட்டி எப்ப எழுதுறது?"

நான் வாதாடிப் பார்த்தேன். அவள் சோற்றுக்குக் குழம்பை விட்டுக்கொண்டாள்.

அடுத்த கட்டுரை அவளுடைய பெயரில் வந்தது. பின்னால் புதிய தொகுதி நூலகத்துக்கு வந்தபோது என்னையும் கூட்டிப் போனாள். பெயரைத் தேடிப் பிடித்தாள். கீழே ஒரே ஒரு வரி இருந்தது, கனடாவில் யாரோ ஒருவர். அதன்மேல் விரலை வைத்தாள். நூலகம் மூடும் மணி அடித்தும் விரலை எடுக்கவில்லை.